ஒன்பதாம் கட்டில்

அடுத்த மாத அட்டவணையைப்
பென்சிலால்தான் போடுகிறேன்.
பேனாவுக்கு இந்த வார்டில் மரியாதை போய்
மூன்று வருடமாகிறது.

பதினெட்டுப் பெயர் இருந்த இடத்தில் பதினொன்று.
இன்பஜோதி ரியாத்துக்குப் போய்விட்டாள்.
நோர் அஃபிடா சிங்கப்பூரிலிருந்து
சம்பளத்தை மூன்றால் பெருக்கிச் சொல்லிவிட்டு,
"காக், இங்கே ஒரு ஆளுக்கு
ஆறு பேஷண்ட்தான்" என்று
குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.
இரண்டு முறை கேட்டேன்.
பெருக்கலுக்காக இல்லை,
அந்த ஆறுக்காக.

நேற்றிரவு எனக்கு இருபத்தெட்டுக் கட்டில்,
நடைவழியில் இரண்டு கான்வாஸ்,
கூட ஒரு பயிற்சிப் பெண்.
விடியும்வரை அவள் பெயரைக் கேட்கவில்லை.
தண்ணீர்மலைப் படிகளை
எத்தனை தடவை ஏறி இறங்கிய கணக்கோ,
பதினெட்டாயிரம் அடி, சபாஷ் என்கிறது கைபேசி.

ஒன்பதில் தியோ இருந்தார்.
சர்க்கரை, வலது காலில் இரண்டு விரல் எடுத்தாயிற்று.
பட்டர்வொர்த் ஃபெர்ரியில்
முப்பத்தொரு வருடம் கார் அடுக்கியவர்.
"ஒரு சாண் விட்டு லாரியை நிறுத்துவேன், மிஸ்ஸி."

மூன்றாம் இரவு
தள்ளுநாற்காலியில் தானே ஏறிக்கொண்டார்.
யாரும் கேட்கவில்லை.
கட்டில் கட்டிலாகப் போய் விசாரித்துவிட்டு
மேசைக்கு வந்து விரல்களைக் காட்டினார்.

பதினாலு, தண்ணி.
இருபது, வலி.
ஆறு, பயம்.

ஃபெர்ரியில் ஒட்டிக்கொண்ட தமிழ்,
நாலைந்து சொல் இருக்கும்.
பயம் என்பதை அங்கே யார் சொல்லித் தந்தார்கள்
என்று இன்னும் யோசிக்கிறேன்.

தண்ணி கொடுத்தேன். ஊசி போட்டேன்.
ஆறுக்குப் போக எனக்கு நேரமில்லை.
அங்கே ஜெலுத்தோங் பையன்,
மோட்டார் விபத்து, காலையில் அறுவை.
தியோ போய் உட்கார்ந்தார், நாலு மணிவரை.
பேசியதாகத் தெரியவில்லை.
பையனுக்கு ஹொக்கியன் வராது.

ஒரு தடவை நான் ஓடும்போது
உள்ளங்கையை நீட்டி மறித்தார்,
லாரியை மறிக்கிற அதே கை.
இருபத்திரண்டு, மூச்சு.
திரும்பி ஓடினேன்.
சரியான நேரம்.

விதிப்படி தப்பு, தெரியும்.
நோயாளி நோயாளியைப் பார்க்கக் கூடாது
என்கிற சுற்றறிக்கையில்
என் கையெழுத்தே இருக்கிறது.
அதன் மேல் காப்பிக் கோப்பையை வைத்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள்
டாக்டர் ஃபூங் வந்தாள்.
ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது அவளுக்கு,
தூக்கம் எப்போது முடிந்ததோ.
"தியோ வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.
கட்டைப் பிரித்துப் பார்த்தேன்.
இளஞ்சிவப்பில் புதுத்தசை,
பாடப்புத்தகத்தில் போடலாம் போல.

காய்ச்சல்,
ஒரு அரை டிகிரி,
இருந்துவிடக் கூடாதா என்று
தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் திருப்பினேன்.
இல்லை.

இருபத்தாறு வருடத்தில்
ஒரு மனிதனுக்குக் குணமானதற்கு
முதல்தடவையாக முகம் வாடினேன்.
அவர் அதைப் பார்த்துவிட்டார்.
"மிஸ்ஸி, இன்னொரு விரல் எடுக்கவா?" என்று சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
பிறகு, மருந்தறையில், சிரித்தேன்,
அதைச் சிரிப்பு என்றே வைத்துக்கொள்வோம்.

வாசலில் மகள் காரைப் பின்னால் எடுக்க
ஊன்றுகோலோடு நின்று வழிகாட்டினார்:
வா, வா, இன்னும்,
போதும்.
தூணுக்கும் காருக்கும் நடுவே
ஒரு சாண்.

மேட்ரன் அலுவலகத்திலிருந்து
இரண்டாம் தடவை அழைக்கிறார்கள்.
பதினாறாம் தேதி, வெள்ளி, இரவு
ஒரு கட்டம் காலியாகவே கிடக்கிறது.
தியோ என்று எழுதிப் பார்த்தேன்.
அழித்தேன்.
ஏற்கெனவே இன்பஜோதியை அழித்த இடம்,
அஃபிடாவை அழித்த இடம்.
தாள் அங்கே மெலிந்துவிட்டது,
மேசையின் மரம் தெரிகிறது.

அழுத்தாமல்
என் பெயரை எழுதுகிறேன்.